பைன் கதவில் ஓக்கின் வரிகள்: மரவரித் தீட்டலும் பொய் என்னும் குற்றச்சாட்டும்

1. கேள்வி

கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லோஸ் 1898இல் வியன்னா நாளிதழ் ஒன்றில், மேற்பூச்சும் போர்வையும் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். போர்த்தப்பட்ட பொருளையும் போர்வையையும் பார்ப்பவர் ஒன்றாக எண்ணிக் குழம்ப இடமே இருக்கக் கூடாது என்பது அதில் அவர் வகுத்த விதி. அதை மரத்துக்குப் பொருத்தியபோது கிடைத்த முடிவு விசித்திரமானது. மரத்தின் மேல் எந்த நிறத்தையும் பூசலாம், ஆனால் மர நிறத்தைப் பூசக் கூடாது என்றார் லோஸ். அவர் குறிவைத்தது வியன்னாவின் பெயிண்டர்களை. விலை குறைந்த மரத்தில் செய்த கதவு, சன்னல்களின் மேல் ஓக், மஹோகனி போன்ற உயர்ந்த மரங்களின் வரிகளைப் பெயிண்டால் எழுதுவது அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்தது. இந்தத் தொழிலை இங்கே மரவரித் தீட்டல் என்று குறிப்பிடுகிறேன்.

லோஸுக்கு அரை நூற்றாண்டு முன்பே, இங்கிலாந்தில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இதைப் பொய் என்று தீர்ப்பளித்திருந்தார். நவீனக் கட்டடக்கலை வரலாறுகள் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மறுவிசாரணை இல்லாமலே ஏற்றுக்கொண்டன. 'பொருளுக்கு உண்மையாயிருத்தல்' என்ற கொள்கையைப் படிக்கும் மாணவருக்கு மரவரித் தீட்டல் இன்றும் எதிர்மறை உதாரணமாகவே அறிமுகமாகிறது. பொய் என்றால் ஏமாந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சான்றுகளைப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலிருந்து எடுக்கிறேன். இத்தொழில் உச்சத்தைத் தொட்டதும் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்ததும் அங்கேதான்.

2. மரத்துக்குள் வரி

பட்டைக்கு உட்புறத்தில், உயிருள்ள செல்களாலான மெல்லிய படலம் ஒன்று தண்டைச் சுற்றி இருக்கிறது. மரத்தைப் பருக்க வைப்பது இதுதான். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் இது உறங்கிவிடும்; வசந்தம் வந்ததும் வேகமாகச் செயல்படும். ஓக் மரம் அப்போது நீரைக் கடத்தக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய குழாய்களை உண்டாக்குகிறது. கோடையில் உருவாகும் திசு நெருக்கமானது, கடினமானது. இந்த இரண்டும் மாறி மாறி அமைவதால் வளையங்கள் கிடைக்கின்றன. மஹோகனியில் குழாய்கள் ஒரே பருவத்தில் குவியாமல் பரவிக் கிடப்பதால் அதன் தோற்றமே வேறு.

பலகையில் தெரியும் வரி மரத்தை எந்தத் திசையில் அறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தண்டு மேலே போகப் போகச் சிறுக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் மிக நீண்ட கூம்பு ஒன்றைப் போன்றது, முந்தைய ஆண்டின் கூம்புமேல் கவிழ்த்தது. வளையங்களைத் தொட்டுச் செல்லும் வாக்கில் அறுத்தால் கூம்புகள் சாய்வாக வெட்டுப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள் எழும்பும். நடுவில் அவை அகலமாகவும் ஓரங்களில் நெருக்கமாகவும் இருக்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கி அறுத்தாலோ வரிகள் நேராக, இணையாக ஓடும். ஓக்கில் இந்த இரண்டாவது அறுப்புக்குத் தனிச் சிறப்பு உண்டு. மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் கதிர்த் திசுக்கள் பட்டையாக வெளிப்பட்டு, வரிகளுக்குக் குறுக்கே வெளிறிய, மின்னும் திட்டுகளாகத் தெரியும். ஆங்கிலத் தச்சர்கள் இதை வெள்ளிக்கு ஒப்பிட்டார்கள். அகலமான வளைவுகளும் இத்திட்டுகளும் ஒரே பரப்பில் ஒரே இடத்தில் சேர்ந்து வருவதில்லை. ஓர் அறுப்பில் ஒன்றுதான் துலங்கும்.

தாவரவியல் பாடம் போல இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயிண்டர் செய்த முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும். வளைவும் திட்டும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால், எழுதியவருக்கு மரம் தெரியாது என்று பொருள்.

3. சீப்பும் கட்டைவிரலும்

ஓக் வரியை எழுதும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில் அடிப்பூச்சு. அது ஓக்கின் மிக வெளிறிய பகுதியைவிடக் கொஞ்சம் வெளிறியே இருக்க வேண்டும், ஏனென்றால் மேலே வருபவை எல்லாம் அதைக் கருக்கவே செய்யும். இது காய்ந்து இறுகிய பிறகு, ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சேர்ந்த கலவையில் பழுப்பு மண் நிறமிகளைக் குழைத்து, ஒளி ஊடுருவும்படி மெல்லிசாகப் பூசுவார்கள். சீப்பு இழுத்த கோடு மறுபடி ஒன்றோடொன்று ஒழுகிச் சேராமலிருக்கக் கொஞ்சம் தேன்மெழுகோ சோப்போ கலப்பதும் உண்டு.

அந்தப் பூச்சு ஈரமாயிருக்கும்போதே எஃகுச் சீப்பை எடுக்க வேண்டும். அகலப் பற்கள் உள்ள சீப்பை முதலில் மேலிருந்து கீழாக நேராக இழுப்பார்கள். அதன்மேல் நுண்பற்கள் உள்ள சீப்பை லேசாகச் சாய்த்து, கை மெல்ல நடுங்குவதுபோல அலைத்து இழுப்பார்கள். இரண்டாவது இழுப்பு முதல் கோடுகளைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிவிடும். அந்தத் துண்டுகளே ஓக்கின் நீர்க்குழாய்கள். அடுத்ததாகக் கட்டைவிரலில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, நகத்தின் விளிம்பால் பூச்சைத் துடைத்தெடுத்துக் கதிர்த் திட்டுகளை உண்டாக்குவார்கள். அதாவது திட்டை வரைவதில்லை; நிறத்தை நீக்கி அடியிலுள்ள வெளிச்சத்தைத் திறந்துவிடுகிறார்கள். துடைத்த இடத்தை ஒட்டிப் பாதி அழுத்தத்தில் இன்னொரு துடைப்பு வரும். அது இல்லையென்றால் திட்டு மரத்துக்குள் இருப்பதாகத் தோன்றாது, மேலே ஒட்டியதாகத் தோன்றும்.

எண்ணெய்ப் பூச்சு காய்ந்த பின், குறுக்கே படரும் நிழல்களை நீர் நிறமியில் எழுதுவார்கள். நிறமியைப் பிடித்து வைக்கப் புளித்த பீரைப் பயன்படுத்தியது இத்தொழிலின் பழைய வழக்கம். பீரில் எஞ்சியிருக்கும் சர்க்கரையும் மாவுப்பொருளும் வார்னிஷ் பிரஷ் மேலே போகும்போது நிறமி கலையாத அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதியது பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதவும் விடும். மஹோகனியின் இறகு போன்ற வடிவங்களைப் பெரும்பாலும் இப்படி நீர் நிறமியிலேயே எழுதி, வளைக்கரடி மயிர்ப் பிரஷால் விளிம்புகளை மென்மையாக்கினார்கள். கடைசியாக வார்னிஷ்.

கதவு என்றால் வேலையின் வரிசையே முக்கியம். நடுப்பலகைகள் முதலில், குறுக்குச் சட்டங்கள் பிறகு, நெடுக்குச் சட்டங்கள் கடைசியில். ஒவ்வொரு சட்டத்திலும் வரி அந்தச் சட்டத்தின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். நெடுக்குச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூட்டில் வரி வெட்டுப்பட்டதுபோல் திசை மாறி நிற்க வேண்டும். வெள்ளை பெயிண்ட் அடித்த கதவு ஒரே தகடாகத் தெரியும், மூட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நன்கு வரி தீட்டிய கதவிலோ, தச்சர் எந்தத் துண்டை எதனோடு கோத்தார் என்பது எட்டி நின்று பார்த்தாலே விளங்கும். கட்டுமானத்தை மறைப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தொழில், கதவைப் பொறுத்தவரை கட்டுமானத்தை வெளிக்காட்டவே செய்தது. விமர்சகர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

4. தீர்ப்புகள்

ரஸ்கினின் 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' 1849இல் வெளிவந்தது. உண்மையைப் பற்றிய அதன் இயலில் கட்டடக்கலையின் பொய்களை அவர் மூன்றாக வகுக்கிறார். தாங்காததைத் தாங்குவதுபோலக் காட்டும் கட்டுமானப் பொய். ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டும் மேற்பரப்புப் பொய். கையால் செய்ததுபோலத் தோன்றும் வார்ப்பு, இயந்திர அலங்காரம். மரவரித் தீட்டல் இரண்டாம் வகைக்குள் விழுகிறது.

ஆனால் ரஸ்கினின் அளவுகோல் பொதுவாகச் சொல்லப்படுவதைவிட நுட்பமானது. மிலான் பேராலயத்தின் கூரையில் கல் வேலைப்பாடுபோலத் தீட்டிய ஓவியத்தை அவர் கண்டிக்கிறார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய கட்டட அமைப்புகளைக் கண்டிக்கவில்லை. கட்டடத்தில் தங்க முலாம் பொய்யல்ல, ஏனென்றால் அதை யாரும் கட்டித் தங்கமாகக் கொள்வதில்லை. நகையில் அது பொய், ஏனென்றால் அங்கே கொள்வார்கள். ஆக, ஒரு பூச்சு பொய்யா என்பதை அவர் பூச்சைப் பார்த்து முடிவு செய்யவில்லை, பார்ப்பவரின் புரிதலைப் பார்த்து முடிவு செய்கிறார். இந்த அளவுகோலை அவர் மரவரிக்குப் பொருத்திப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

ஓவன் ஜோன்ஸ் இன்னும் நடைமுறைவாதி. 1851 உலகக் கண்காட்சிக்கான கண்ணாடி மாளிகையின் உட்புற வண்ணங்களை வகுத்தவர் அவர். 1856இல் வெளியான 'அலங்காரத்தின் இலக்கணம்' நூலின் முகப்பில் 37 கோட்பாடுகளைத் தந்தார். அவற்றில் 35ஆவது மரவரியையும் பளிங்கு வரியையும் பற்றியது. எந்த இடத்தில் உண்மையான பொருளைப் பயன்படுத்தியிருந்தாலும் பொருந்தியிருக்குமோ, அந்த இடத்தில் மட்டும் அதன் போலியை அனுமதிக்கலாம் என்பது அதன் கருத்து. ஓக் கதவு இருக்கக்கூடிய இடத்தில் ஓக் வரி தீட்டிய கதவு இருக்கலாம். பளிங்கால் செய்ய முடியாத மெல்லிய சட்டத்தில் பளிங்கு வரி கூடாது. என் பார்வையில் மூவரில் தொழிலுக்கு மிக நெருங்கி வந்தவர் ஜோன்ஸ்தான். ஆனால் பின்வந்த தலைமுறைகள் ரஸ்கினையும் லோஸையுமே நினைவில் வைத்துக்கொண்டன.

லோஸிடம் ஒரு முரண் உண்டு. அவருடைய உட்புறங்களில் பளிங்கைத் தகடுகளாக அறுத்து, வரிகள் எதிரெதிராக விரியும்படி சுவரில் பதிப்பார்கள். அந்தச் சுவர் பளிங்கால் ஆனதல்ல. பளிங்குத் தகடு உண்மையான பளிங்கு என்பதால் அவருக்கு அது போர்வை; பெயிண்ட் உண்மையான மரமல்ல என்பதால் மோசடி. ஆனால் செங்கல் சுவரை விலையுயர்ந்த கல்லின் தோலால் மூடுவதற்கும் பைன் கதவை ஓக்கின் உருவத்தால் மூடுவதற்கும் இடையே உள்ள தூரம், அவர் எழுத்து ஒலிக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

5. ஏமாந்தவர் யார்?

பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டு முதல் வீட்டு மரவேலைக்குப் பெரும்பாலும் பயன்பட்டது பால்டிக் கரையிலிருந்து இறக்குமதியான ஊசியிலை மரம். கணுக்களும் பிசினும் நிறைந்த மரம் அது, ஏதாவது பூசித்தான் ஆக வேண்டும். எனவே வீட்டுக்காரரின் முன் இருந்த தேர்வு ஓக்கா, ஓக் போலியா என்பதல்ல. ஒற்றை நிறப் பெயிண்டா, வரி தீட்டிய பெயிண்டா என்பதே. நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் கொண்ட நகரத்தில் வெளிர் நிறப் பெயிண்ட் வெகு சீக்கிரம் அழுக்கேறும். வார்னிஷ் அடித்த வரிப்பரப்பு அழுக்கை மறைக்கும், கழுவினாலும் கெடாது. நடுத்தர வர்க்கத் தெருவில் வரிசையாக நின்ற வீடுகள் எல்லாவற்றின் முன்கதவும் 'ஓக்'காக இருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஏமாந்திருப்பார் என்று நம்புவது கடினம். அவருடைய கதவும் அதே பெயிண்டர் தீட்டியது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் சான்று இன்னும் தெளிவு. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்தில் நடுக்கூடத்தின் மரச்சுவர்களுக்கு 1797இல் மஹோகனி வரி தீட்டப்பட்டது. அதே வீட்டின் வெளிச்சுவர் பைன் பலகை. கற்களை அடுக்கியதுபோல விளிம்புகளைச் சீவி, ஈரப் பெயிண்ட் மேல் மணலை வீசிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் மஹோகனி வாங்க முடியாதவரல்ல. ஆனால் மஹோகனி மேசை, நாற்காலிக்கு உரிய மரம். கூடம் முழுவதும் அதை இழைப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்த விருந்தினர் பார்த்தது ஒரு நல்ல பெயிண்டரின் வேலையை. அது பெயிண்ட் என்று அவர்களுக்குத் தெரியும்.

கனெக்டிகட்டில் லாம்பர்ட் ஹிட்ச்காக்கின் பட்டறையில் 1820களிலிருந்து வந்த நாற்காலிகளில் சிவப்பு அடிப்பூச்சின் மேல் கறுப்பை இழுத்து ரோஸ்வுட் சாயலை வரவழைத்து, மேலே பொன்னிறப் பழங்களை அச்சிட்டார்கள். நியூ இங்கிலாந்தின் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் காடிக் கலவையில் விரல், இறகு, களிமண் உருண்டை என எது கிடைத்ததோ அதனால் எழுதிய சுழிகள் எந்தக் காட்டிலும் விளையாதவை. ருஃபஸ் போர்ட்டர் 1825இல் வெளியிட்ட கைத்தொழில் செய்முறை நூல் மஹோகனி, மேப்பிள் வரிகளை எழுதும் முறையைச் சாதாரண வாசகருக்குச் சொல்லித் தந்தது. பிற்காலத்தில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழைத் தொடங்கியவரும் அவர்தான். ரகசியத்தை இப்படி விற்கும் மோசடி உலகில் இல்லை.

தாமஸ் கெர்ஷாவின் (1819-1898) வாழ்க்கை இன்னொரு சான்று. லங்காஷயரில் தொழில் கற்று லண்டனில் பெயர் பெற்ற பெயிண்டர் இவர். 1851 லண்டன் கண்காட்சியிலும் 1855 பாரிஸ் கண்காட்சியிலும் பதக்கம் பெற்றார். அவர் எழுதிய மரவரி, பளிங்குவரிப் பலகைகள் இன்று விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் போல்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பார்த்தவர்கள் இவை கைவேலையே அல்ல என்று சந்தேகித்ததால் பலர் முன்னிலையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது என்று தொழில் வரலாறுகள் சொல்கின்றன. கதையில் மிகை இருக்கலாம். கண்காட்சியில் வைத்த பலகையோ இது பெயிண்ட் என்று அறிவித்துக்கொண்டே நிற்கிறது; அறிந்த பிறகும் நம்ப முடியாமல் போவதுதான் அங்கே பார்வையாளர் அடைந்த இன்பம். ரஸ்கினின் தங்க முலாம் வாதத்தை இங்கே பொருத்தினால், அவர் அளவுகோலின்படியே மரவரி விடுதலையாகிறது.

6. விடுதலையாகாத ஒரு வழக்கு

எல்லா வழக்கிலும் அல்ல. ஸ்காட்லாந்தில் வால்டர் ஸ்காட் கட்டிய அபட்ஸ்ஃபோர்டு இல்லத்துக்கு வண்ணம் தீட்டியவர் எடின்பரோவின் டேவிட் ராம்சே ஹே. ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, சுவர்களையும் கதவுகளையும் வெள்ளை, நீலம், சாம்பல் என்று மெழுகுவது ஸ்காட்டுக்குப் பிடிக்காது. வரவேற்பறையை மட்டும் மனைவியின் ரசனைக்கு விட்டுவிட்டு, மற்றக் கூரைகளை எல்லாம் பழைய செதுக்கு ஓக் போலத் தோன்ற வைத்தார். உண்மையில் அங்கிருந்த அலங்காரங்கள் மெல்ரோஸ், ராஸ்லின் ஆலயச் சிற்பங்களிலிருந்து வார்த்த பிளாஸ்டர். ரஸ்கின் பட்டியலிட்ட மூன்று பொய்களும் இங்கே ஒன்றாக வருகின்றன: மரமல்லாத மேற்பரப்பு, கையால் செதுக்காத வார்ப்பு, எதையும் தாங்காத உத்தரம்.

கதவில் நான் எடுத்த வாதம் இந்தக் கூரைக்குச் செல்லாது. பைன் கதவில் ஓக் வரி, மரத்தின் மேல் மரம். சட்டங்களின் உண்மையான அமைப்பை அது பின்பற்றுகிறது. பிளாஸ்டர் உத்தரத்தின் வரிக்குப் பின்பற்ற எந்தத் தச்சுவேலையும் இல்லை, ஒரு பழமையை அது கற்பனையாக உருவாக்குகிறது. ஸ்காட் நாவலாசிரியர், தன் வீட்டையும் நாவல்போலவே கட்டினார் என்று சொல்லி மன்னிக்கலாம். ஆனால் கட்டுமானப் பொய் என்ற ரஸ்கினின் முதல் குற்றச்சாட்டு இங்கே நிற்கிறது. மரவரித் தீட்டலை மொத்தமாகக் கண்டித்தது பிழை என்றால், மொத்தமாக விடுவிப்பதும் பிழையே.

7. உழைப்பு என்னும் வேறு குற்றச்சாட்டு

ரஸ்கினின் கடுமையான தாக்குதல் ஏழு விளக்குகளில் இல்லை. 1853இல் முடிந்த 'வெனிசின் கற்கள்' மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. மரத்தின், பளிங்கின் கறைகளையும் கோடுகளையும் நகலெடுப்பதைப் போல மனித அறிவுக்கு இழிவான வேலை வேறில்லை என்ற பொருளில் எழுதுகிறார். இப்போது பேச்சு வீட்டுக்காரரின் பொய்யைப் பற்றியதல்ல, தொழிலாளியின் மனம் வீணாவதைப் பற்றியது. கோதிக் கொத்தனின் சுதந்திரத்தை அதே நூலில் போற்றியவர் என்பதால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அவர் கண்ட நகலெடுப்பு உண்மையில் நடக்கவில்லை. கெர்ஷா முன்னால் ஒரு ஓக் பலகையை வைத்துக்கொண்டு அதைப் பிரதி செய்யவில்லை. எந்த மரத்திலும் இல்லாத, ஆனால் ஓக்கில் வரக்கூடிய ஒரு வரியை அந்தக் கதவின் அளவுக்கு உருவாக்கினார். எங்கே கணு வந்தால் வளையங்கள் எப்படி ஒதுங்கும், எந்த இடைவெளியில் திட்டு சலிப்பூட்டும் என்பதையெல்லாம் பூச்சு காயும் முன் தீர்மானிக்க வேண்டும். ரஸ்கின் தன் மாணவர்களிடம் இலையையும் பாறையையும் பார்த்து எதைக் கற்கச் சொன்னாரோ, ஏறத்தாழ அதைத்தான் இவர்கள் கற்றிருந்தார்கள். பாரபட்சம் வேறெங்கோ இருக்கிறது என்று ஐயுறுகிறேன். மேகத்தைத் தீட்டிய டர்னர் ஓவியர். ஓக்கைத் தீட்டியவர் பெயிண்டர், கூலி வாங்கியவர், வேலை செய்த இடமோ பின்கட்டுக் கதவு.

8. சீப்பு ஓவியத்துக்குள்

ஓவியருக்கும் பெயிண்டருக்கும் இடையிலான இந்த வேலியை உள்ளிருந்து உடைத்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக். அவருடைய தந்தையும் பாட்டனாரும் வீட்டு அலங்காரப் பெயிண்டர்கள். அவரும் அத்தொழிலில் பயின்றவர். 1911-12இல் அவருடைய கியூபிச ஓவியங்களில் பெயிண்டரின் சீப்பு இழுத்த மரவரி வருகிறது. சீப்பின் பயன்பாட்டைப் பிராக்கிடமிருந்து அறிந்த பிக்காசோ, அதை மரத்துக்குப் பதிலாக மனிதரின் முடிக்கும் மீசைக்கும் பயன்படுத்தினார். 1912 செப்டம்பரில் அவின்யோன் கடையொன்றில் ஓக் வரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கிய பிராக், அதை வெட்டிக் கரிக்கோட்டு வரைவின்மேல் ஒட்டினார். 'பழக்கிண்ணமும் கண்ணாடிக் குவளையும்' என்ற அந்தப் படம் ஒட்டுத்தாள் ஓவியத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

கலை வரலாறு இதை உண்மைக்கும் தோற்றத்துக்கும் இடையிலான புதிய விளையாட்டு என்று கொண்டாடுகிறது. அந்த விளையாட்டு பழையது. பொய் என்று தெரிந்தே ரசிக்கும் பார்வையை மூன்று தலைமுறை பெயிண்டர்கள் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தார்கள். பிராக் அதற்குக் கையெழுத்துப் போட்டார்.

9. அச்சும் காஸ்டிக் சோடாவும்

சுவர்த்தாள் காட்டியபடி, வரி அச்சுக்குப் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டில் மர வரி அச்சிட்ட லேமினேட் தாள்கள் வந்தன. நம் வீடுகளின் அலமாரிக் கதவுகளில் சன்மைக்கா என்ற பெயரில் அவை பழகிப்போயின. அங்கே மரத்தைப் படிக்க யாரும் தேவையில்லை. ஒரு பலகையின் படம் திரும்பத் திரும்ப வரும். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் ஒரே கணு ஒரே உயரத்தில் நிற்பதை நாம் பொருட்படுத்துவதுமில்லை. ரஸ்கின் மூன்றாவதாகச் சொன்ன இயந்திரப் பொய் இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. கைவேலையாக இத்தொழிலைக் கற்பிக்கும் இடங்களில் பிரஸ்ஸல்ஸின் வான் டெர் கேலன் பள்ளி முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட அப்பள்ளி இன்றும் குளிர்கால மாதங்களில் மரவரியும் பளிங்குவரியும் கற்றுத்தருகிறது.

பழைய வேலையில் பெரும்பகுதியை அழித்தது அச்சு அல்ல, ரசனை. 1960, 70களில் பிரிட்டனில் விக்டோரியா கால வீடுகளை வாங்கிய படித்த வர்க்கம், பெயிண்டுக்கு அடியில் 'உண்மையான' மரம் இருப்பதாக நம்பிக் கதவுகளைக் கழற்றிக் காஸ்டிக் சோடாத் தொட்டிகளில் முக்கியது. வரியும் வார்னிஷும் கரைந்தன. பல கதவுகளில் மூட்டுப் பசையும் சேர்ந்து கரைந்தது. வெளியே வந்த பைன் கணுக்களையும் மக்கு வைத்து அடைத்த குழிகளையும், அந்தக் கதவைச் செய்த தச்சர் யாருக்கும் காட்ட நினைத்ததே இல்லை. விக்டோரியா காலத் தோற்றம் என்று அவர்கள் மெழுகு பூசி மெருகேற்றிய அந்த வெற்று மரம், விக்டோரியா காலத்தில் எந்த மரியாதையான வீட்டின் முன்னறையிலும் இருந்ததில்லை. இன்று பாதுகாப்பு வல்லுநர்கள் கீல்களுக்குப் பின்னாலும் பூட்டுத் தகடுகளுக்கு அடியிலும் தப்பிய பூச்சுத் துணுக்குகளைச் சுரண்டி, நுண்ணோக்கியில் அடுக்குகளை எண்ணி, அழிந்த ஓக்கையும் மஹோகனியையும் பெயிண்டால் மறுபடி எழுத ஆள் தேடுகிறார்கள்.